அதிகம் திரட்டியவருக்கு என்ன பரிசு? ராமநாதபுரம் கடற்கரையில் நிதி திரட்டும் சைக்கிள் பயணம் நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில் மிதிப்பதுதான் எளிய பகுதி. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். வழியில் மேடு என்று சொல்லத்தக்கது 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான். எதிர்க்காற்று இல்லாத காலையாகப் பார்த்துப் புறப்பட்டால், வாரம் இருமுறை மிதிக்கும் எவரும் போய்ச் சேர்ந்துவிடலாம். சிரமமெல்லாம் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் இருக்கிறது. பயணத்தில் சேரும் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தவர்களிடம் போய், "ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை மிதிக்கப்போகிறேன், டயாலிசிஸ் நோயாளிகளுக்காக முடிந்ததைக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பது நம்மவர்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை உடைக்கத்தான் அமைப்பாளர்கள் பரிசைக் கையில் எடுக்கிறார்கள். அதிகம் திரட்டி முதலில் வருபவருக்கு கியர் சைக்கிள், அடுத்தவருக்குக் கைக்கடிகாரம், மூன்றாமவருக்குக் கேடயம்.

அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே, துபாயில் அண்ணனும் சிங்கப்பூரில் மாமாவும் இருப்பவர் எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடுவார். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் என்று கடலோரம் முழுக்கக் கடல் கடந்து சம்பாதிக்கும் குடும்பங்கள் உண்டு. அதே கரையில், அன்றன்றைய மீன்பாட்டை நம்பிய மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இரு தரப்பையும் ஒரே தராசில் நிறுத்தினால் பலருக்கு ஊக்கம் போய்விடும். ஆகவே கியர் சைக்கிளை வாங்குவதற்கு முன் சில முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் படி: பரிசு வேண்டுமா என்று கேளுங்கள்

வசூலிப்பவருக்குக் கமிஷன் தரலாமா என்ற யோசனை எப்படியும் ஒரு கூட்டத்தில் எழும். அதை அங்கேயே முடித்துவிடுங்கள். யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு உதவும். இஸ்ரேலில் வீடு வீடாகச் சென்று நன்கொடை வசூலிக்கும் 180 பள்ளி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு வேலையின் முக்கியத்துவத்தை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்கு வசூலில் 1 சதவீதத்துக்குச் சமமான தொகை, மூன்றாம் பிரிவுக்கு 10 சதவீதத்துக்குச் சமமான தொகை தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பணமும் நன்கொடையிலிருந்து எடுக்கப்படாது, ஆய்வாளர்களே தருவார்கள் என்றும் தெளிவுபடுத்தினார்கள். அதிகம் வசூலித்தது ஒன்றுமே பெறாத பிரிவு. அடுத்து 10 சதவீதப் பிரிவு. 1 சதவீதத்துக்கு ஆசைப்பட்டவர்கள் கடைசி.

இன்னொரு சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது சைக்கிளை வைத்தே நடந்தது. டான் ஏரியலியும் இரு சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வுக்காக, எம்.ஐ.டி. பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் நிலைச் சைக்கிளை மிதிக்கும் தூரத்துக்கேற்ப ஓர் அறச்செயலுக்கு நன்கொடை போகும்படி ஏற்பாடு செய்தார்கள். சிலருக்கு அதற்கு மேல் கைப்பணமும் உண்டு. யாரும் பார்க்காதபோது கைப்பணம் கூடுதலாக மிதிக்க வைத்தது. மற்றவர் கண்ணெதிரே மிதித்தபோது அதனால் பெரிய பயன் இல்லை. பார்ப்பவர் "காசுக்காக மிதிக்கிறான்" என்று எண்ணிவிடுவாரோ என்ற தயக்கம் பணத்தின் இழுப்பைத் தின்றுவிடுகிறது.

நம் பயணம் ஊரே பார்க்க நடப்பது. எனவே ரொக்கப் பரிசு வேண்டாம். விலையைச் சொல்லி ஆசைகாட்டும் பரிசும் வேண்டாம். செய்த வேலையை ஊர் அறியச் செய்யும் பரிசு, அடுத்த ஆண்டும் அந்த மனிதரைச் சைக்கிளில் ஏற்றும் பரிசு, இந்த இரண்டு வகைக்கு மட்டும் இடம் கொடுங்கள்.

இரண்டாம் படி: பரிசுக்கான பணம் எங்கிருந்து?

நன்கொடையிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. நூறு ரூபாய் கொடுத்த ஐஸ் கம்பெனித் தொழிலாளி, அதில் இருபது ரூபாய் யாரோ ஒருவருடைய கைக்கடிகாரத்துக்குப் போனது என்று அறிந்தால், அடுத்த ஆண்டு உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். கேட்டுப் போனவரையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பார்.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980இல் பில்லி ஸ்டார் என்பவர் சில நண்பர்களோடு தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் என்ற சைக்கிள் பயணம், டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்காக இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. ஓட்டுநர்கள் திரட்டுவதில் ஒவ்வொரு டாலரும் நேரே அந்த நிலையத்துக்குப் போய்விடும். நடத்தும் செலவு பதிவுக் கட்டணத்திலும் நிறுவனங்களின் ஆதரவிலும் அடங்குகிறது. 

நம் ஊர் அளவில் இதையே செய்யலாம். பதிவுக் கட்டணம் தனி, நன்கொடை தனி என்று இரண்டு கணக்குகள். பரிசுக்குப் பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள். சைக்கிள் கடைக்காரர் நான்கு ஹெல்மெட் தருவார். பெட்ரோல் பங்க்காரர் தண்ணீர் புட்டி தருவார். இறால் ஏற்றுமதி செய்பவர் ஜெர்சி அச்சடித்துத் தருவார். யார், எதை, எத்தனை தந்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதிப் பயணத்தன்று பதிவு மேசையில் திறந்து வையுங்கள்.

மூன்றாம் படி: எதை அளப்பது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். முதற்பரிசை அதிகத் தொகைக்குக் கொடுக்காமல், அதிகம் பேரிடமிருந்து வாங்கியவருக்குக் கொடுங்கள்.

ஒருவர் ஒரே உறவினரிடம் ஒரு லட்சம் வாங்கி வருகிறார். இன்னொருவர் தங்கச்சிமடத்தில் தெருத் தெருவாகப் போய் இருநூறு பேரிடம் ஐம்பது ஐம்பதாக வாங்கி வருகிறார். சேர்ந்தது பத்தாயிரம்தான். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றி இருநூறு வீடுகளில் பேச்சு நடந்திருக்கிறது. அடுத்த ஆண்டு அந்த இருநூறு வீடுகளும் திறந்திருக்கும். லட்சம் கொடுத்தவரிடம் ஆண்டுதோறும் போய் நிற்க முடியாது. திரட்டும் பணத்தைப் பெறும் அறக்கட்டளைக்கு இரண்டுமே வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பரிசு கொடுத்துத் தூண்ட வேண்டிய உழைப்பு இரண்டாவதுதான்.

விதியை இப்படி எழுதலாம். குறைந்தது 50 ரூபாய் கொடுத்த ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. ஒரே செல்பேசி எண் ஒருமுறைதான் கணக்கில் வரும். ஓட்டுநர் தன் கையிலிருந்து போடும் பணம் அறக்கட்டளைக்குப் போகும், புள்ளியில் சேராது. தொகை வரிசை ஒன்றும் வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் யாராவது அடம்பிடித்தால் (பிடிப்பார்கள்), ஒருவருடைய நன்கொடையில் 5,000 ரூபாய் வரை மட்டும் வரிசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மீதி அறச்செயலுக்குச் சேரும், போட்டிக்குச் சேராது.

ஆயிரம் ரூபாயை இருபது பெயரில் பிரித்து எழுதும் கெட்டிக்காரர் எல்லா ஊரிலும் உண்டு. ரசீது ஒவ்வொன்றிலும் செல்பேசி எண் இருக்கட்டும். கடைசி வாரத்தில் முன்னணியில் இருப்பவர்களின் பட்டியலிலிருந்து பத்துப் பதினைந்து எண்களுக்கு நன்றி சொல்லப் பேசினாலே உண்மை தெரிந்துவிடும்.

அணிக்கும் ஒரு பரிசு வையுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பள்ளி ஆசிரியர்கள், ஜமாத் இளைஞர்கள், மீனவக் கிராமத்தார் என்று சேர்ந்து திரட்டும்போது, தனியாகக் கேட்கக் கூசுபவரும் வாய் திறக்கிறார். பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவர்களை ரொக்கம் வசூலிக்க அனுப்பாதீர்கள். அவர்கள் அணியில் மிதிக்கட்டும், பெற்றோரோ ஆசிரியரோ திரட்டட்டும்.

நான்காம் படி: மொய்க் கணக்கை மறந்துவிடாதீர்கள்

வெளிநாட்டு விதிகளை அப்படியே எடுத்து நடத்துபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நம் மாவட்டத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் ஏறும். வைத்த மொய் ஒருநாள் திரும்பி வர வேண்டும். ஓட்டுநர் ஒருவர் சித்தப்பாவிடம் ஆயிரம் வாங்கினால், அது நோயாளிக்குப் போனாலும், சித்தப்பா மனத்தில் இவர் பெயரில்தான் பற்று எழுதப்படும். நாளை அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்ப வேண்டும். வசதியில்லாதவர் கேட்கத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் கூச்சம் என்றால் மீதிப் பாதி இந்தக் கடன் பயம்.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. ரசீதில் அறக்கட்டளையின் பெயர் பெரிதாகவும் ஓட்டுநரின் பெயர் சிறிதாகவும் இருக்கட்டும். நன்றிக் கடிதம் அறக்கட்டளையிலிருந்து போகட்டும். கியூஆர் அட்டை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குடையதாக மட்டும் இருக்க வேண்டும். ஓட்டுநரின் சொந்தக் கணக்கில் பணம் விழுந்தால் மொய்யும் வந்துவிடும், வீண்பேச்சும் வந்துவிடும். கொடுத்தவர் பட்டியலை வெளியிடும்போது அகர வரிசையில் பெயர்கள் மட்டும். ஐம்பது ரூபாய்க்காரரும் ஐயாயிரம் ரூபாய்க்காரரும் அடுத்தடுத்து நிற்பார்கள்.

மாறாக, திரட்டியவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல எந்தத் தயக்கமும் வேண்டாம். அவர் பெயரோடு "முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தவர்" என்று ஆள் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், தொகையைச் சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: படிநிலைப் பரிசுகள்

முதல் மூவருக்கு மட்டும் பரிசென்றால் நான்காமவரிலிருந்து எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே போட்டியில்லாத எல்லைகளை வையுங்கள். உதாரணமாக, 25 பேரைச் சேர்த்தால் ஜெர்சி, 75 பேரைச் சேர்த்தால் ஹெல்மெட், 150 பேரைச் சேர்த்தால் முன்விளக்கும் பின்விளக்கும். அறுபத்தெட்டில் நிற்பவர் ஹெல்மெட்டுக்காக இன்னும் ஏழு கதவு தட்டுவார். எல்லையைத் தொட்டதும் நின்றுவிடுவாரே என்றால், ஆமாம், பலர் நிற்பார்கள். அதனால் எல்லைகளுக்கிடையே தூரம் அதிகமாக வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தனி வரிசை ஒன்று இருக்கட்டும். மூன்று ஆண்டுகளாக முதலில் வருபவரை அடுத்த ஆண்டு போட்டியிலிருந்து எடுத்து, பயணத்தைத் தொடங்கிவைக்கும் கொடியைக் கையில் கொடுங்கள். பான்-மாஸ் சேலஞ்சிலும் குறைந்தபட்ச எல்லையைத் தாண்டி மிக அதிகம் திரட்டுவோரைத் தனி வகையாக அழைத்துப் பெருமைப்படுத்துகிறார்கள். பெருமைக்குச் செலவில்லை.

ஆறாம் படி: எந்தப் பொருளைக் கொடுப்பது?

கேடயம் வேண்டாம். இந்த மாவட்டத்து வீடுகளில் அலமாரிக்கு மேல் ஏற்கெனவே போதுமான கேடயங்கள் தூசி படிந்து கிடக்கின்றன. பொன்னாடையும் அப்படியே.

இந்தக் கரையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு மூன்று பகைகள்: உப்புக்காற்று, சீமைக்கருவேல முள், இருட்டு. சங்கிலிக்கு எண்ணெய் போடாமல் மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை சில முறை போய்வந்தால் துரு ஏறிவிடும். முள் குத்தாத டயர் அரிது. ஆகவே நல்ல சங்கிலி எண்ணெய், மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, கைப்பம்பு, விளக்குகள், ஆறு மாத இலவசச் சர்வீஸ் சீட்டு ஆகியவை உண்மையாகவே பயன்படும். பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் வருபவருக்கும் இவை பொருந்தும், இறக்குமதி சைக்கிளில் வருபவருக்கும் பொருந்தும்.

இந்த மண்ணின் பொருளைச் சேர்க்க விரும்பினால் பனையோலைப் பெட்டியில் கருப்பட்டி, புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் வற்றல் நல்ல தேர்வு. வெளியூர் ஓட்டுநர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். அணிக்கான பரிசாக, காரங்காட்டில் ஊர் மக்கள் துணையோடு வனத்துறை நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுப் பயணத்துக்கு அனுப்பலாம். பொருளைவிட அந்த அரைநாள் அவர்கள் பேச்சில் அதிக காலம் இருக்கும்.

ஒன்று மட்டும் கூடவே கூடாது. அழகாக இருக்கிறதே என்று பவளத்துண்டையோ காய்ந்த கடற்குதிரையையோ சட்டமிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வைத்திருப்பதே குற்றம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க, அறப்பணிக்கு அதைப் பரிசாகக் கொடுப்பது பெரிய அவமானம். சிப்பிக் கைவினைப் பொருள் வாங்குவதென்றாலும் எந்தச் சிப்பி என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: சட்டம்

வெளிநாட்டுப் பயணங்களில் காணும் ஒரு வழக்கம், குறிப்பிட்ட தொகைக்கு ஒரு சீட்டு என்று கொடுத்துக் கடைசியில் குலுக்கலில் சைக்கிள் தருவது. தமிழ்நாட்டில் அதைத் தொடாதீர்கள். இங்கே லாட்டரி விற்பனை 2003 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்பே, 1979இல் பரிசுத் திட்டங்களைத் தடைசெய்யும் மாநிலச் சட்டம் வந்துவிட்டது. நல்ல காரியத்துக்குத்தானே என்ற வாதம் காவல் நிலையத்தில் எடுபடாது. உழைப்பை எண்ணிக் கொடுக்கும் பரிசுக்கும் அதிர்ஷ்டத்தை நம்பிக் கொடுக்கும் பரிசுக்கும் இடையே கோடு தெளிவாக இருக்கட்டும்.

வரிவிலக்கு கேட்பவர்களுக்காக 80ஜி பதிவுள்ள அறக்கட்டளையோடு சேர்ந்து நடத்துங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடைக்காது என்பதை ஓட்டுநர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விலக்கு வேண்டுவோரின் பான் எண்ணை ரசீது எழுதும்போதே வாங்கிவிடுங்கள், பிறகு துரத்த முடியாது.

கடல் கடந்து வரும் பணம் இங்கே அதிகம் என்பதால் இதைக் கவனியுங்கள். இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால், அவர் எத்தனை நெருங்கிய சொந்தமானாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. முன்னணியில் வர வேண்டும் என்ற வேகத்தில் ஓட்டுநர் ஒருவர் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் பணத்தைக் கொண்டுவந்துவிடலாம். விளைவு அறக்கட்டளையின் தலையில் விழும். விதித்தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள். விலையுயர்ந்த பரிசு ஏதாவது வைத்தால் வரிப் பிடித்தம் பற்றி ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: நாட்காட்டி

பயணத்துக்கு ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி ஏற்றது. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வசூலை டிசம்பரில் தொடங்கி மார்ச் நடுவில் முடித்தால் கணக்கு ஒரே நிதியாண்டுக்குள் அடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் அந்த 61 நாட்களில் மீனவக் கிராமங்களுக்கு ரசீதுப் புத்தகத்தோடு போகாதீர்கள்.

வசூலைப் பயணத்தன்றே மூடிவிடாதீர்கள். நண்பன் பாம்பன் பாலத்தைக் கடக்கும் படத்தைப் பார்த்த பிறகுதான் பலர் கொடுக்கிறார்கள். ஆனால் படம் எடுக்கப் பாலத்தின் மேல் யாரும் நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சுற்றுலா வாகனங்களால் அங்கே ஏற்கெனவே நெரிசல், காற்றும் பக்கவாட்டில் தள்ளும்.

ஒன்பதாம் படி: பரிசளிப்பு

எல்லைப் பரிசுகளைப் பயணத்தன்றே கொடுத்துவிடுங்கள். விடியலில் கிளம்பி வெயிலேறும் முன் முடித்தவர்களுக்குப் பசி. வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை என்று இழுத்தால் கைதட்ட ஆள் இருக்காது. அரிச்சல்முனையில் பந்தல் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். நிழல் இல்லை, காற்று துணியைப் பிய்த்துவிடும். திரும்பி ராமேஸ்வரத்தில் ஒரு மண்டபத்தில் இட்லியோடு நடத்துங்கள். முதற்பரிசை வசூல் முடிந்து எண்களைச் சரிபார்த்த பிறகு தனியாகக் கொடுக்கலாம். நன்கொடையால் பயன்பெறும் மருத்துவமனையின் செவிலியர் ஒருவர் கையால் கொடுத்தால், மேடைக்கு ஏற்கெனவே பழகிய பெரிய மனிதரைவிட அவருக்கு அது பொருந்தும். நோயாளிகளை மேடையேற்ற வேண்டாம்.

பத்தாம் படி: தகராறுகள்

எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். புள்ளி சமமானால் முதலில் அந்த எண்ணிக்கையைத் தொட்டவருக்குப் பரிசு. நிர்வாகக் குழுவினரும் அவர்கள் வீட்டாரும் மிதிக்கலாம், திரட்டலாம், பரிசு வாங்கக் கூடாது. பரிசு வேண்டாம் என்பவருக்குப் பதிவுப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கட்டும். அவர் பொருள் அடுத்தவருக்குப் போகும், பெயர் வரிசையில் அவர் இடம் மாறாது. வசூல் மூடிய 30 நாட்களுக்குள் திரட்டிய தொகை, அறக்கட்டளையில் செலுத்திய ரசீது, பரிசு நோட்டின் நகல் மூன்றையும் எல்லா ஓட்டுநர்களுக்கும் அனுப்புங்கள். வாங்க வராத பரிசுகளை இரண்டு மாதம் வைத்திருந்து, பிறகு ஹெல்மெட் இல்லாமல் பள்ளிக்கு மிதிக்கும் மாணவர்களுக்குத் தலைமையாசிரியர் வழியாகக் கொடுத்துவிடலாம்.